நகையும் மொழியும்: நகைச்சுவைத் திரைப்படங்கள் சில

மெய்ப்பாடுகள் எட்டினை நிரல்படுத்திய தொல்காப்பியர் அழுகைக்கும் முன்னதாக நகையை வைத்தார். அவர் கருதிய காரணம் யாதாயினும் ஆகுக. தமிழகம் விட்டு வடபுலம் வந்து குடியமர்ந்த நம்மனோர்க்கு அவ்வரிசை வேறொரு வகையில் மெய்யாகின்றது. புலம்பெயர்ந்த இல்லத்தில் தாய்மொழி தேயத் தொடங்குங்கால் முதற்கண் தேய்வது நகையே. அழுகைக் காட்சியில் பாட்டியும் பேரனும் ஒருங்கே கண் கலங்குவர். நகைச்சுவைக் காட்சியிலோ, பாட்டி சிரித்து முடித்த பின்னர்ப் பேரன், "அவர் என்ன சொன்னார்?" என்று வினவுவான். விளக்கிச் சொன்ன நகைச்சுவை ஆறிய காப்பியை ஒக்கும்.

திரைப்பட நகைச்சுவையைப் பல்லாண்டுகளாகச் சுவைத்து வருபவரேயன்றி யாம் ஆய்வாளர் அல்லேம். ஆயினும், தமிழினின்று இந்திக்கும் இந்தியினின்று தமிழுக்கும் சென்ற படங்களை இரு வடிவிலும் காணும் வாய்ப்பு இங்கு வாழ்வதால் நமக்கு எளிதிற் கிட்டுகின்றது. எது எல்லை கடக்கின்றது, எது கடவாமல் நின்றுவிடுகின்றது என்பதை ஒப்பிட்டுக் காண்பதில் தனிச்சுவை உண்டு.

ஸ்ரீதர் 1964இல் அளித்த 'காதலிக்க நேரமில்லை' படத்தை 1966இல் அவரே 'பியார் கியே ஜா' என இந்தியிலும் இயக்கினார். படம் எடுக்கும் பித்தேறிய செல்லப்பா தன் தந்தையை அமர்த்திப் பேய்க்கதை சொல்லும் காட்சியை மறந்தார் யார்? நாகேஷ் கதையைச் சொல்லச் சொல்ல, பாலையாவின் முகத்தில் அச்சம் படிப்படியாக ஏறுகின்றது. இந்தியில் மெகமூதும் ஓம் பிரகாசும் இதனைக் குறைவறச் செய்தனர். சிரிப்பு கேட்பவன் முகத்திலே பிறப்பதால் அக்காட்சி முழுமையாக எல்லை கடந்தது. ஆனால் அதே படத்தில், அசோக் பெருஞ்செல்வரின் மகன் என நம்பிய பாலையா, அந்தச் செல்வரிடம் 'மகன்' என்னும் சொல்லையே 'மகர்' ஆக்கிப் பேசுகின்றாரே, அதற்கு என் செய்வது? பணத்தைக் கண்டதும் இலக்கணமும் கைகட்டி நிற்கின்றது! இந்தியில் மரியாதைக்கு 'ஜீ' உண்டு. பெயரின் பின்னே ஒட்டினால் முடிந்தது. 'அன்' விகுதி 'அர்' விகுதியாக நிமிரும் அந்த ஒரு நொடி தமிழறிந்தார்க்கே உரியது. எம் கணிப்பில் பேய்க்கதையினும் இதுவே உயர்ந்தது.

எதிர்த்திசையில் வந்தது 'தில்லு முல்லு'. இருஷிகேஷ் முகர்ஜியின் 'கோல்மால்' 1979இல் வெளிவர, 1981இல் பாலசந்தர் அதனைத் தமிழாக்கினார். வேலைக்காகப் பொய் சொல்லும் இளைஞன், மீசையை மனிதனின் அளவுகோலாகக் கொண்ட முதலாளி, இல்லாத உடன்பிறப்பு ஆகிய எலும்புக்கூடு அங்கிருந்து வந்தது. உயிர் ஊட்டியது தமிழ். ஊரும் முன்னோரும் ஊர்வலமாக வர, இறுதியில் தன் பெயர் வந்து சேரும் 'அய்யம்பேட்டை அறிவுடைநம்பி கலியபெருமாள் சந்திரன்' என்னும் நீட்சியைக் கேட்ட அளவிலே தேங்காய் சீனிவாசன் உள்ளம் குளிர்கின்றது. நமக்கோ வயிறு வலிக்கின்றது. உத்பல் தத்தின் நடிப்புக்கு ஈடில்லை என்பாருடன் யாம் வழக்காட வரவில்லை. மொழிபெயர்க்காமல் வேறொன்றைத் தேடி வைத்தமையே 'தில்லு முல்லு'வின் வெற்றி. கமல்ஹாசனும் இவ்வுண்மையை அறிந்தவர். 1996இல் 'அவ்வை சண்முகி'யில் மடிசார் மாமியாக வந்தவர், 1997இல் 'சாச்சி 420'இல் மராட்டியப் பெண்மணியாகப் புடவைக்கட்டையே மாற்றிக்கொண்டார்.

மடிசார் என்றதும் 'மைக்கேல் மதன காம ராஜன்' நினைவில் எழுகின்றது. 1990இல் வந்த அப்படத்தில் கிரேசி மோகன் எழுதிய உரையாடலை எம்மால் இன்றும் முழுவதும் பிடித்துவிட முடியவில்லை. ஒரு சிலேடைக்குச் சிரிப்பதற்குள் இரண்டு தவறிப்போகின்றன. சாம்பாரில் மீன் விழுந்த கலவரம் எவர்க்கும் விளங்கும். ஆனால் சமையற்காரர் காமேசுவரனின் பாலக்காட்டுத் தமிழ்? மாதுங்காவில் வாழ்ந்தார்க்கு அது அண்டை வீட்டுக் குரல். பலர்க்குத் தம் வீட்டுக் குரலே. வட்டார வழக்கைக் கேலிப்பொருளாக்கிய படங்கள் மிகப்பல. இங்கோ காமேசுவரன் நால்வருள்ளும் நல்லவன். அவன் பேச்சு அவனது வெள்ளையுள்ளத்தோடு ஒட்டியது. பாலக்காட்டு நண்பர் ஒருவர் பலர் நடுவே வெட்கமின்றித் தம் வழக்கிலே பேசத் துணிந்தது அப்படத்தைக் கண்ட பின்னரே என்பதை யாம் அறிவோம்.

சிம்புதேவனின் 'இம்சை அரசன் 23ஆம் புலிகேசி' 2006இல் வந்தது. அதனைப் பின்னொரு நாள் பேரனுடன் அமர்ந்து கண்டோம். வடிவேலு தம் தலையைப் பிறனொருவனின் கட்டுடல்மேல் வரைவித்துக்கொள்ளும் இடத்தில் பேரன் விழுந்து விழுந்து சிரித்தான். அரசவைச் செந்தமிழில் அக்கோழை மன்னன் முழங்கும் இடங்களிலோ வாளாவிருந்தான். பழைய அரசர் படங்களின் அடுக்குமொழியைக் கேட்டறியாதவனுக்கு அதன் எள்ளல் எங்ஙனம் எட்டும்? அவன் செவிக்கு அதுவும் தமிழ், இதுவும் தமிழ். இரண்டும் பாதி புரியாத தமிழ். அன்று வருந்தியவர் யாமே, அவன் அல்லன்.

அண்மைப் படங்களுள் நெல்சனின் 'டாக்டர்' (2021) எம் இல்லத்தில் மூன்று தலைமுறையையும் ஒரே கணத்தில் சிரிக்க வைத்தது. முகத்தில் சலனமே காட்டாத கதைத்தலைவன், அவனைச் சுற்றிப் பதறும் கூட்டம். ரெடின் கிங்ஸ்லியின் குரலைத் தவிர்த்துப் பார்த்தால், பெரும்பகுதியும் எம்மொழியிலும் செல்லும். மகிழ்ந்தோம். எனினும் மறுநாள் திருப்பிச் சொல்லி மகிழ ஒரு தொடரேனும் எம் நாவில் தங்கவில்லை. வருங்காலப் படங்கள் எல்லா மாநிலங்களுக்குமாக எடுக்கப்படுமாயின் இதுவே வழக்கமாகிவிடுமோ என்னும் அச்சம் எமக்குண்டு.

அவ்வச்சத்தை ஓரளவு தணித்தது அபிஷன் ஜீவிந்த் இயக்கி 2025இல் வந்த 'டூரிஸ்ட் ஃபேமிலி'. ஈழத்தினின்று சென்னைக்கு வந்து ஒளிந்து வாழும் குடும்பம். பேச்சே காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் வாயைத் திறக்க அஞ்சுகின்றது. அண்டை அயலார் அனைவரும் ஒரே நாளில் அன்புருவாக மாறுவது சற்று மிகை. ஆயினும் தமிழர் ஊரிலே தமிழை மறைக்க வேண்டிய முரணினின்று சிரிப்பைப் பிறப்பித்த துணிவு பாராட்டத்தக்கது. இம்முறை பேரன் எம்மிடம் எதையும் வினவவில்லை. படம் முடிந்ததும் சசிகுமாரைப் போல ஈழத்தமிழ் பேசிப் பார்த்தான். இந்தி கலந்த அவன் நாவில் அது வேறெதுவோ ஆயிற்று. பாட்டி சிரித்தார். சென்னைக்காரர் செவிக்கு நம் வீட்டுத் தமிழ் எப்படி இருக்கும் என்று கேட்டான். அவர்களும் சிரிப்பார்கள் என்றோம்.