வன்னியைப் படமாகப் படித்தல்

நோர்வேயின் ட்வெய்ட்டா அடுக்குமாடிகளில் வளரும் எங்கள் பிள்ளைகளுக்கு 1940 ஏப்ரல் 9 தெரியும். ஜெர்மன் படை நோர்வேக்குள் இறங்கிய நாள், பள்ளியில் படிக்கிறார்கள். 2009 மே மாதம், இலங்கைப் போரின் கடைசி நாட்களில், முள்ளிவாய்க்காலில் நடந்ததை யார் சொல்லிக்கொடுப்பது? வீட்டில் பெரியவர்கள் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். பெஞ்சமின் டிக்ஸ் எழுதி, லின்ட்சே போலக் வரைந்த ‘வன்னி’ (2019) என்ற சித்திர நாவலைப் பிள்ளைகள் கையில் தாராளமாகக் கொடுக்கலாம். கொடுத்துவிட்டு நாம் ஒதுங்கத்தான் கூடாது.

டிக்ஸ் ஐ.நா. பணியாளராக வட இலங்கையின் வன்னியில் இருந்தவர். 2008 செப்டம்பரில் ஐ.நா. கிளிநொச்சியை விட்டு வெளியேறியபோது, போகவேண்டாம் என்று சனம் வாசலில் நின்று மன்றாடியதைக் கண்டவர். நூலின் பலம் அங்கிருந்து வருகிறது. பங்கர் என்றால் என்னவென்று எத்தனை தரம் சொன்னாலும் இங்கே பிறந்த பிள்ளைக்கு விளங்காது. மண்மூட்டைகளுக்கு நடுவே ஒரு குடும்பம் முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தியிருப்பதை வரைந்து காட்டினால் உடனே விளங்கும். காணொளியில் அது சில நொடியில் கடந்துவிடும். புத்தகத்தில் விரும்பிய நேரம் நிற்கலாம், தாங்காவிட்டால் மூடிவைக்கலாம், பிறகு வந்து “இது யார்?” என்று கேட்கலாம்.

சிக்கலும் அந்தக் கேள்வியில்தான். அப்படி ஒரு குடும்பம் இல்லை; பலரது வாக்குமூலங்களிலிருந்து புனையப்பட்டது. ஊரில் உள்ள உறவுகளுக்கு ஆபத்து வரக்கூடாது என்றால் வேறு வழியும் குறைவு, அதை மதிக்கிறேன். ஆனாலும் வரலாறாகப் படிக்கும்போது இது பெரிய குறை. ஆர்ட் ஸ்பீகல்மன் ‘மௌஸ்’ சித்திர நூலில் தன் தகப்பனைப் பேட்டி காண்பதையே வரைந்தார். ஜோ சாக்கோ காஸா பற்றிய தன் சித்திர நூலில் ஒரே சம்பவத்தை ஒருவருக்கொருவர் முரணாகச் சொன்னவர்களை அப்படியே பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். எது சாட்சியம், எது ஊகம் என்று அங்கே வாசகருக்குத் தெரியும்.

இராணுவத்துக்கும் புலிகளுக்கும் நடுவே அகப்பட்ட ஒரு குடும்பத்தின் கண்ணால் பார்ப்பதற்கும் எல்லை உண்டு. 1956 தனிச் சிங்களச் சட்டம், 1983 யூலையில் தமிழருக்கு எதிராக நடந்த வன்முறை, 2002இல் நோர்வே முன்னின்று செய்வித்த போர்நிறுத்தம் ஆகியவற்றைக் கட்டங்களுக்குள் அடக்குவது கடினம். துயரம் மனதில் நிற்கும், காரணம் நிற்காது.

தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களே, இந்த நூலை வகுப்புக்குக் கொண்டுபோங்கள். பக்கத்தில் ஐ.நா. நிபுணர் குழுவின் 2011 அறிக்கையையும் வையுங்கள். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் பிறகு, அங்கே இருந்த ஒருவரைப் பேச அழையுங்கள்.