கடமையும் ‘கடமைக்கு’ம்

கல்வெட்டுத் தமிழில் கடமை அறம் அல்ல, வரி. சோழர் காலப் பிற்பகுதியிலும் பாண்டியர் ஆட்சியிலும் நிலத்துக்காகக் குடிகள் செலுத்தியது அது. பெரும்பாலும் நெல்லாக அளந்தார்கள். பாண்டியர் சாசனங்கள் ‘கடமை, அந்தராயம், விநியோகம்’ என்று வரிகளை அடுக்கும்போது முதலிடம் அதற்குத்தான். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் வரும் ‘காணிக்கடன்’ இதன் உடன்பிறப்பு. கல்வெட்டு ஆய்வாளர்களான நொபோரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் வரிச்சொற்களைத் தொகுத்து ஆராய்ந்தபின் இதில் பெரிய வழக்கு ஏதுமில்லை.

இலக்கிய ஆய்வாளர்களின் வழி வேறு. புறநானூற்றில் பொன்முடியார் தாய், தந்தை, கொல்லன், வேந்தன், மகன் என ஆளுக்கொரு கடன் பிரித்ததிலிருந்து தொடங்கி, வள்ளுவரின் கடப்பாட்டுக்கு வந்து, அண்ணாவின் ‘கடமை, கண்ணியம், கட்டுப்பாடு’ வரை ஒரே உயரத்தில் நடந்துபோவார்கள். நெல் அளந்த கதை அந்த வழியில் தட்டுப்படுவதே அபூர்வம்.

இரு தரப்பும் கவனிக்காதது பேச்சு வழக்கு. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துப் பேச்சை எடுத்துக்கொள்வோம். அங்கே ஆண்டாள் சூடிய மாலை புரட்டாசி பிரம்மோற்சவத்துக்குத் திருப்பதிக்கும், சித்திரையில் கள்ளழகருக்காக மதுரைக்கும் போகிறது. அந்த மாலையைத் தொடுப்பது கைங்கரியம். திருவிழாவில் ஒரு நாளை ஏற்று நடத்துவது மண்டகப்படி. விசேஷ வீட்டில் தாய்மாமன் கொண்டுவருவது செய்முறை. வாங்கியவர் மொய் நோட்டைப் புரட்டிப் பார்த்துத் திருப்பிச் செய்தாக வேண்டும். நூற்பாலைகள் பெருகிய ராஜபாளையத்தில் ஷிப்டுக்குப் போகிறவருக்கு வேலை ‘டூட்டி’. சுங்கவரிக்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான் என்பது வேடிக்கை.

ஆக, மனம் ஒப்பியோ கட்டுப்பட்டோ செய்கிற எதற்கும் இங்கே தனித்தனிச் சொல் உண்டு. கடமை எங்கே வருகிறது? “கடமைக்கு வந்து தலையைக் காட்டிட்டுப் போயிட்டான்” என்பதில் வருகிறது. “கடனேன்னு செய்யாதடா” என்பதில் அதன் உடன்பிறப்பு வருகிறது. மேடையில் உயர்ந்த சொல், வீட்டில் குறை சொல்லப் பயன்படுகிறது. இதைப் பேச்சின் தேய்மானம் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. வரி கட்டுகிறவன் மனம் எப்படி இருக்குமோ அப்படித்தான் ‘கடமைக்கு’ இருக்கிறது. பழைய பொருளின் எச்சமா, பின்னால் தானாகப் பிறந்த கசப்பா என்பதை இடைக்கால உரைநடையையும் நாட்டார் வழக்கையும் அடுக்கிப் பார்த்துத்தான் தீர்க்க முடியும்.

கல்வெட்டுத் தொகுதி வைத்திருப்பவர்கள் கொஞ்சம் கல்யாண வீட்டுப் பேச்சையும் கேட்க வேண்டும். வட்டார வழக்கு தொகுப்பவர்கள் ‘கடமைக்கு’ என்பதைக் கடமைக்குள் அடக்காமல் தனிப் பதிவாகவே போடட்டும்.