காலமும் ஒப்பந்தமும்: ‘ஏலியன்’ திரைப்படம் பற்றிய ஒரு மறுமதிப்பீடு

பண்டைய கிரேக்கக் கலை, அது தோன்றிய சமூக அமைப்பு மறைந்தொழிந்த பின்னரும், மக்களுக்கு எவ்வாறு இன்பம் தருகின்றது என்ற வினாவைக் கார்ல் மார்க்ஸ் 1857ஆம் ஆண்டில் எழுதிய கையெழுத்துப் பிரதியொன்றில் எழுப்பினார். ஒரு படைப்பு எத்தகைய சமூகச் சூழலிற் பிறந்தது என விளக்குதல் அரிதன்று. அச்சூழல் மாறிய பின்னரும் அது ஏன் உயிர்ப்புடன் நிற்கின்றது என விளக்குதலே அரிது என்பது அவர் கண்ட சிக்கலாகும். இச்சிக்கல் பேரிலக்கியங்களுக்கு மாத்திரம் உரியதன்று. சந்தைக்கென ஆக்கப்படும் வெகுசனக் கலைகளுக்கும் அது பொருந்தும். றிட்லி ஸ்கொட்டின் நெறியாள்கையில் 1979 மே மாதம் அமெரிக்காவில் வெளியான ‘ஏலியன்’ என்னும் அறிவியற் புனைவுத் திகிற்படத்தை முன்வைத்து இவ்வினாவை ஆராய்வதே எமது நோக்கமாகும். நான்கு தசாப்தங்களுக்கு மேற்பட்ட காலம் கடந்துவிட்ட நிலையில், அப்படம் இன்றும் தாக்குப்பிடிக்கின்றதா? ஆமெனில், அதில் நிலைத்தது எது, தேய்ந்தது எது?

இத்தகைய வினாக்களுக்கு வழக்கமாக இருவகை விடைகள் கூறப்படுவதுண்டு. முதலாவது, தொழில்நுட்பத்தை அளவுகோலாகக் கொள்வது. அவ்வாறு நோக்கின் ‘ஏலியன்’ முதுமையடைந்த படமே. விண்மீன்களிடையே பயணஞ்செய்யும் கலமொன்றின் கணினித் திரைகளிற் பச்சை எழுத்துகள் ஒவ்வொன்றாக ஊர்கின்றன. இறுதிக் காட்சிகளில் விலங்கு முழுமையாகத் தோன்றும்போது, உடையணிந்த மனிதனொருவனே நிற்கின்றான் என்பது இன்றைய பார்வையாளனுக்கு எளிதிற் புலனாகும். இரண்டாவது விடை இதற்கு எதிரானது. இருளைக் கண்டு அஞ்சுதல் மனித இயல்பு, இயல்பு மாறாதது, ஆகவே படமும் மாறாதது என்பர். முன்னையது கலையைக் கருவியாகச் சுருக்குகின்றது. பின்னையது வரலாற்றையே இல்லாமற் செய்கின்றது.

பின்னைய வாதத்தை மறுக்க ஓர் உதாரணம் போதும். 1958இல் வெளியான ‘இற்! த ரெறர் ஃபிறொம் பியொண்ட் ஸ்பேஸ்’ என்ற அமெரிக்கப் படத்திற் செவ்வாய்க் கோளிலிருந்து திரும்பும் கலமொன்றினுள் விலங்கொன்று ஒளிந்திருந்து பயணிகளை ஒவ்வொருவராகக் கொல்கின்றது. கதையின் எலும்புக்கூடு ஏறக்குறைய ‘ஏலியன்’ கதையினதே. இருளச்சம் ஒன்றே காரணமாயின் அப்படமும் இன்று எம்மை நடுங்கவைத்தல் வேண்டும். ஆனால், அது திரைப்பட வரலாற்று மாணவர்களின் ஆர்வத்துக்குரிய பண்டமாகவே எஞ்சியுள்ளது. எனவே வேறுபாடு கலத்துள் நுழையும் விலங்கிலன்று. கலத்துள் வாழும் மனிதரிடையே நிலவும் உறவுகளிலேயே தேடப்படல் வேண்டும்.

‘ஏலியன்’ படத்தின் தொடக்க அறிவிப்பு இவ்வகையிற் கவனத்துக்குரியது. கலத்தின் பெயர் நொஸ்ட்றோமோ, அது ஒரு வர்த்தக இழுவைக் கலம், பணியாளர் எழுவர், சரக்கு, 2 கோடி தொன் தாதுப்பொருளைப் பதனிடும் சுத்திகரிப்பாலை, செல்திசை பூமி. பணியாளரும் சரக்கும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து இடம்பெறுகின்றனர். முதலில் விழித்தெழுவது மனிதரல்லர், கணினியே. நெடுந்துயிலினின்று எழுப்பப்பட்டோர் வீடு நெருங்கிவிட்டதென எண்ணுகின்றனர். உண்மையில் அவர்கள் பாதிவழியிலேயே இருக்கின்றனர். உணவு மேசையில் எழும் முதற் பிரச்சினை போனஸ் பற்றியது. கீழ்த்தளத்தில் இயந்திரங்களைப் பராமரிக்கும் பார்க்கரும் பிறெற்றும் ஏனையோர்க்குக் கிடைக்கும் முழுப்பங்கு தமக்கும் வேண்டுமெனக் கேட்கின்றனர். ஒப்பந்தப்படி உரியது கிடைக்கும் என்பதே தலைவன் டாலஸின் மறுமொழி. அறியாத கோளொன்றிலிருந்து வரும் சமிக்ஞையை ஆராயுமாறு பணிக்கப்படும்போது பார்க்கர் மறுக்கின்றான். அது தன் வேலையன்று என்பதே அவன் வாதம். அப்போது அறிவியல் அதிகாரியான அஷ் ஒப்பந்தத்தின் வாசகமொன்றை எடுத்துக்காட்டுகின்றான். ஆராய மறுப்போர் தம் பங்கு முழுவதையும் இழப்பர்.

கதையை நகர்த்தும் விசை இதுவே என்பது மனங்கொள்ளத்தக்கது. ஐம்பதுகளின் அறிவியற் புனைவுப் படங்களில் விஞ்ஞானிகளும் படைவீரரும் அறிவுத் தாகத்தாலோ நாட்டுப் பற்றாலோ ஆபத்தை நாடிச் சென்றனர். நொஸ்ட்றோமோவின் எழுவரோ கூலி இழப்புக்கு அஞ்சியே அக்கோளில் இறங்குகின்றனர். விலங்கின் பிடியில் அகப்பட முன்னரே அவர்கள் ஒப்பந்தத்தின் பிடியில் அகப்பட்டுவிட்டனர். இன்றும் இப்படம் எம்மைத் தொடுவதன் அடிப்படை இதுவென்றே கருதுகின்றோம்.

அடுத்து வருவன இவ்வடிப்படையின் விரிவுகளே. முகத்தைக் கவ்விய உயிரியுடன் கேன் கொண்டுவரப்படும்போது, நோய்த்தடுப்பு விதியைக் காட்டிக் கதவைத் திறக்க மறுக்கின்றாள் றிப்ளி. அஷ் திறந்துவிடுகின்றான். தொழிலாளரின் உயிரைக் காக்க எழுந்த விதி மீறப்படலாம்; இலாபத்தைக் காக்கும் விதி மீறப்படலாகாது. இதன் காரணம் பின்னரே வெளியாகின்றது. கலத்தின் கணினியில், 937ஆம் இலக்க விசேட கட்டளை அஷ் ஒருவனுக்கு மாத்திரம் உரியதாகப் பொறிக்கப்பட்டிருந்தது. உயிரியைக் கொண்டுவருவதே முதன்மையானது. பணியாளர் அழியினும் பாதகமில்லை என்பது அதன் பொருள். அக்கட்டளையைக் காத்துநின்ற அஷ் மனிதனல்லன், கம்பனி செய்த இயந்திரம். உரையாடல்களில் அக்கம்பனிக்குப் பெயரில்லை, முகமுமில்லை. அஷ் என்ற பாத்திரம் கதாசிரியர் டான் ஓபனனின் மூலப்பிரதியில் இருக்கவில்லை; தயாரிப்பாளர்களான டேவிட் கைலரும் வால்டர் ஹில்லும் பிரதியைத் திருத்தியபோதே சேர்க்கப்பட்டது. படத்தின் மிகக் கூரிய சமூக உண்மை தனியொரு மேதையின் தரிசனமாகவன்றிக் கூட்டு உற்பத்தியின் போக்கிற் பிறந்தது என்பதற்கு இது சான்று.

எச். ஆர். கீகர் என்ற சுவிற்சர்லாந்து ஓவியர் வடிவமைத்த விலங்கின் உடலும் இத்தொடர்பில் நோக்கத்தக்கது. எலும்பும் குழாயும் ஒன்றெனக் கலந்த உடல் அது. இறுதியிற் சிறுகலத்தின் சுவரில் அது ஒடுங்கிக் கிடக்கையில், இயந்திரம் எங்கு முடிகின்றது, விலங்கு எங்கு தொடங்குகின்றது எனப் பிரித்தறிய இயலவில்லை. மூலதனம் உயிருள்ள உழைப்பை உறிஞ்சி வாழ்வதைக் காட்ட மார்க்ஸ் இரத்தம் குடிக்கும் பேயின் உருவகத்தைக் கையாண்டார். உணவு மேசையிலே, உழைப்பாளர் தம் உழைப்புச் சக்தியை மீட்டெடுக்கும் அதே இடத்திலே, கேனின் மார்பைப் பிளந்து விலங்கு பிறக்கும் காட்சி அவ்வுருவகத்தின் மறுபிறப்பு எனலாம். படத்தை ஆக்கியோர் இதனை எண்ணிச் செய்தனரா என்பது இரண்டாம்பட்சமான வினா. தாம் வாழ்ந்த சமூகத்தின் அச்சத்துக்கு அவர்கள் உருக்கொடுத்தனர் என்பதே முதன்மையானது.

எனினும், படத்தின் குறைபாட்டையும் ஒளியாது கூறல் வேண்டும். அஷ்ஷின் இரகசியம் வெளிப்பட்டு அவன் அழிந்ததும் கம்பனி பற்றிய பேச்சு ஏறக்குறைய ஓய்ந்துவிடுகின்றது. அதுவரை மனிதருக்கும் அவர்களை விலைபேசிய அமைப்புக்கும் இடையே வளர்ந்த முரண்பாடு, தனிமனுஷி ஒருத்திக்கும் விலங்கொன்றுக்கும் இடையிலான போராகச் சுருங்குகின்றது. கூலியைப் பற்றி வாய்திறந்த இரு தொழிலாளரும் மடிகின்றனர். அவ்விருவருள் ஒருவனான பார்க்கர் கலத்திலிருந்த ஒரே கறுப்பினத்தவன். விலங்கின் உடையினுள் இயங்கியவரும் பொலாஜி படேஜோ என்ற நைஜீரிய இளைஞரே. அவரது முகத்தைப் பார்வையாளர் ஒருபோதும் காண்பதில்லை. பெண்ணொருத்தி தன் அறிவாலும் உறுதியாலும் பிழைத்தெழுவது அக்கால ஹொலிவூட்டில் ஒரு முன்னேற்றமென்பதை மறுக்க முடியாது. ஆயினும், அவளது ஆடை களைவைக் கமெரா நோக்கும் விதம் அம்முன்னேற்றத்தின் எல்லையையும் உணர்த்துகின்றது. றிப்ளி கலத்தையும் 2 கோடி தொன் சரக்கையும் தகர்த்தெறிகின்றாள். கம்பனி எவ்வித விசாரணைக்கும் உட்படாது எஞ்சுகின்றது. கலத்தின் பெயர் ஜோசப் கொன்றாட் 1904இல் வெளியிட்ட நாவலிலிருந்து பெறப்பட்டது. வெள்ளிச் சுரங்கமொன்று ஒரு நாட்டையே எவ்வாறு ஆட்டிவைக்கின்றது என்பதை அந்நாவல் இறுதிவரை தொடர்கின்றது. படமோ பெயரைப் பெற்றுக்கொண்டு அத்தொடர்ச்சியைக் கைவிட்டது. இன்று எமக்குப் பழையதாகத் தோன்றுவது பச்சை எழுத்துகளல்ல, இப்பின்வாங்கலே.

வரலாறு இப்படத்தின் முற்பகுதிக்கு எழுதிய உரைகள் பல. 2020இல் கொவிட் பெருந்தொற்றின்போது ஒப்பந்தக் காலம் முடிந்தும் கரையிறங்க வழியின்றிக் கப்பல்களிலேயே தங்கநேர்ந்த கடலோடிகள் ஏறத்தாழ 400,000 பேர் எனச் சர்வதேசக் கடல்சார் அமைப்பு மதிப்பிட்டது. சரக்கு துறைமுகத்தில் இறங்கியது. அதைக் கொண்டுவந்த மனிதர் இறங்க முடியவில்லை. நொஸ்ட்றோமோவின் தொடக்கப் பட்டியலை அறிந்தோர்க்கு இதில் வியப்பிராது.

மற்றொரு நிகழ்வு படத்தின் உற்பத்தியோடே தொடர்புடையது. அஷ் பாத்திரத்தை ஏற்ற இயன் ஹோம் 2020இற் காலமானார். ‘ஏலியன்’ படத்தைத் தயாரித்த பொக்ஸ் நிறுவனம் அதற்கு முன்னரே, 2019இல், டிஸ்னியின் உடைமையாகிவிட்டது. 2024இல் வெளியான ‘ஏலியன்: ரோமுலஸ்’ படத்தில் அவரது முகம், குடும்பத்தாரின் இசைவுடன், பொம்மையுருவாலும் கணினி நுட்பத்தாலும் மீள ஆக்கப்பட்டு மற்றொரு இயந்திர மனிதனுக்குப் பொருத்தப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டில் அமெரிக்க நடிகர் சங்கம் 118 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, நடிகரின் உருவத்தைக் கணினியிற் பிரதிசெய்வதற்கான இசைவும் ஊதியமும் அதன் கோரிக்கைகளுள் அடங்கின. கம்பனியின் இயந்திரமாக நடித்த ஒரு தொழிலாளியின் முகம், அவரது மரணத்தின் பின் கம்பனியின் இயந்திரத்திலேயே இயங்குகின்றது. 1979இற் புனைவாயிருந்தது இன்று ஒப்பந்தத்தில் ஒரு வாசகமாகிவிட்டது. நடிகர்கள் தனித்தன்றி, ஒன்றுதிரண்டே அதை எதிர்கொண்டனர் என்பதும் குறிப்பிடத்தக்கது. படம் காட்டத் தவறிய வழி அதுவே.

எம்மிடையே முற்போக்கு விமர்சனம் வெகுசனத் திரைப்படத்தைப் பெரும்பாலும் மக்களை மயக்கும் போதைப்பொருளாகவே கருதி ஒதுக்கிவந்துள்ளது. அக்கணிப்பு பல படங்களுக்குப் பொருந்தும். ஆனால், மயக்கும் படைப்பினுள்ளும் மயக்கத்தைக் கலைக்கும் உண்மை தற்செயலாகவேனும் நுழைவதுண்டு. அதை இனங்காணாது விடுவோமாயின், அச்சத்தின் வாயிலாக மக்கள் உணர்ந்துகொண்டதை அறிவாக வளர்த்தெடுக்கும் வாய்ப்பை இழந்தவராவோம். ‘ஏலியன்’ காலத்தை வென்ற படமன்று. அது எந்தக் காலத்தைப் பற்றிப் பேசியதோ அந்தக் காலம் இன்னும் முடியவில்லை. உயிரினும் சரக்கே மேலெனக் கொள்ளும் ஒப்பந்தங்கள் நிலவும்வரை அப்படமும் அச்சமூட்டும். அத்தகைய ஒப்பந்தங்கள் ஒழிந்த நாளொன்றில், வருந்தலைமுறையினர் அதனை ஒரு பழைய பேய்க்கதையாக மாத்திரம் கண்டு சிரிக்கக்கூடும். அந்நாளில் அப்படம் பழைமையடைவது எமக்கு மகிழ்ச்சியே தரும் என்பது எமது முடிபாகும்.