கொடிக்கு ஆடுதலும் கூலிக்கு ஆடுதலும்

விளையாட்டையே ஜீவனோபாயமாகக் கொண்டு, ஒப்பந்தத்தால் ஓர் அணிக்குக் கட்டுப்பட்டு, ஆண்டின் பெரும்பகுதியை அவ்வணியின் ஊதியத்திற்காக ஆடிக் கழிக்கிற ஒருவர், தம் நாட்டின் பெயரால் நடைபெறும் சர்வதேசப் பந்தயங்களிலும் இறங்குவது தகுமா என்பது, பேஸ்பால் வேரூன்றிய அமெரிக்காவில் நெடுங்காலமாக வாதப் பிரதிவாதங்களுக்கு இடமளித்து வரும் விஷயம். நமக்கு அது தூரதேசத்து வழக்கு அன்று. டென்னிஸ் ஆடிய ராமநாதன் கிருஷ்ணனையும் கிரிக்கெட் ஆடும் தங்கராசு நடராஜனையும் ஒருங்கே நினைவு கூர்வோர், அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட இடைவெளியில், தமிழ்நாட்டு ஆட்டக்காரர் இருவர்முன் அதே வினா வெவ்வேறு முகங்களோடு வந்து நின்றதைக் காண்பர். தொழில்முறை ஆட்டக்காரர் நாட்டுக்காக ஆட வேண்டும் என்பதே என் துணிபு. ஆயினும் அவரை அழைக்கும் நாடு, அவர் தேகத்தின் மீதும் காலத்தின் மீதும் தான் சுமத்தும் பாரத்தின் விலையைத் தானே ஏற்காதவரை, அவ்வழைப்பில் பாதி நியாயமே உண்டு என்பதையும் இங்கே நிறுவ விரும்புகிறேன்.

செண்பகனூரிலிருந்து இவ்வினாவை ஆராய்வதில் ஒரு பொருத்தம் உண்டு. பழனி மலையின் இச்சிற்றூரில் சேசு சபைத் துறவியர் தங்கள் திரு இருதயக் கல்லூரியை நிறுவிய அதே 1895-ஆம் ஆண்டில்தான், சற்று மேலே கொடைக்கானலில் கோல்ப் கழகமும் தோன்றியது. கீழே, கூலியை எதிர்பாராமல் வாழ்நாள் முழுவதையும் ஒரு பணிக்கே அர்ப்பணிப்பதாக விரதம் பூண்டவர்கள். மேலே, சமவெளியின் கோடை வெப்பத்துக்குத் தப்பி வந்து, தங்கள் வருமானத்திற்கு யாதொரு குறைவுமின்றி, மனமகிழ்ச்சி ஒன்றையே நாடி ஆடிய கனவான்கள். அமெச்சூர் கொள்கை என்று உலகம் போற்றிய விளையாட்டுத் தர்மம், பிறப்பால் இரண்டாம் கூட்டத்தைச் சேர்ந்ததாயினும், பேச்சில் எப்போதும் முதற் கூட்டத்தின் உடையையே அணிந்து வந்தது. ஊதியம் பெறாமல் ஆடுவது ஒழுக்கத்தின் உயர்ந்த நிலை எனப் பிரசங்கிக்கப்பட்டது. ஆனால் துறவிக்கும் அந்த ஆட்டக்காரருக்கும் இடையே ஒரு பெரும் பேதம் இருந்தது: துறவியிடம் விரதத்தைக் கேட்ட சபை, அவருக்கு அன்னமும் உறைவிடமும் அளித்து, நோயிலும் முதுமையிலும் அவரைக் காக்கும் கடமையையும் ஏற்றது, விளையாட்டுச் சம்மேளனங்களோ, தியாகத்தைக் கேட்டனவேயன்றித் தியாகியின் சோற்றைப் பற்றிச் சிந்திக்கவில்லை.

இதன் கொடுமையை உலகுக்கு வெளிப்படுத்திய முதற் பெரும் உதாரணம் பேஸ்பாலோடு தொடர்புடையதாகவே இருக்கிறது. 1912-ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் இரு தங்கப் பதக்கங்களை வென்ற ஜிம் தோர்ப் என்னும் அமெரிக்கப் பூர்வகுடி வீரர், அதற்கு முன் சிறு லீக் ஒன்றில் சொற்பத் தொகைக்கு பேஸ்பால் ஆடியிருந்தார் என்ற காரணத்தால் மறு ஆண்டிலேயே அப்பதக்கங்களை இழந்தார். அவர் இறந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழிந்த பின்னரே அவற்றின் பிரதிகள் குடும்பத்தாரிடம் அளிக்கப்பட்டன. வேறொரு வருமானம் உடையவனுக்கே விளையாட்டில் நாட்டைப் பிரதிநிதிப்படுத்தும் உரிமை உண்டு என்பதே அவ்விதியின் உட்பொருள். தேசபக்திக்குச் சொத்துத் தகுதி விதித்த அந்த ஏற்பாட்டை எவ்வளவு அழகிய சொற்களால் போர்த்தினாலும், அதன் பாரபட்சம் மறையாது.

நம் நாட்டில் இவ்விதியின் பாரத்தைத் தாங்கியவர்களுள் முதன்மையானவர் ராமநாதன் கிருஷ்ணன். 1954-இல் விம்பிள்டன் இளையோர் பட்டத்தை வென்று, 1960-லும் 1961-லும் அதே மைதானத்தில் அரையிறுதி வரை முன்னேறிய அவரை, ஜாக் கிரேமர் தம் தொழில்முறைக் குழுவில் சேருமாறு பெருந்தொகை தருவதாகக் கூறி அழைத்தார். ஒப்பியிருந்தால், அன்றைய சட்டப்படி விம்பிள்டனும் டேவிஸ் கோப்பையும் அவருக்கு அடைபட்டிருக்கும். அவர் மறுத்தார், அதனால் இந்தியாவுக்குக் கிடைத்த பெருமைகளுள் ஒன்று, 1966-இல் மெல்போர்ன் நகரின் கூயோங் மைதானத்தில் ஆஸ்திரேலியாவை எதிர்த்து ஆடிய டேவிஸ் கோப்பை இறுதிப் பந்தயம். அதில் நாம் ஒன்றுக்கு நான்கு என்ற கணக்கில் தோற்றோம். ஆயினும் கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் இணைந்து நியூகோம்ப்–ரோச் ஜோடியை வென்றது இன்றும் எண்ணி மகிழத்தக்கது. கிருஷ்ணனின் முடிவு வணக்கத்திற்குரியது. அவரை அம்முடிவுக்குத் தள்ளிய விதி வணக்கத்திற்குரியதா என்பது வேறு கேள்வி. ஒரு மனிதன் நாட்டையும் வருங்கால வாழ்வையும் இரு தட்டுகளில் இட்டு நிறுக்குமாறு நேர்ந்தது அவன் பண்பைச் சோதித்ததே தவிர, அதனால் ஆட்டத்திற்கு நன்மை எதுவும் விளையவில்லை.

உண்மையில் ஆட்டத்திற்கு நஷ்டமே விளைந்தது. கூயோங்கில் நம்மை எதிர்த்த ஆஸ்திரேலிய அணியில் அந்நாட்டின் ராட் லேவரும் கென் ரோஸ்வாலும் இல்லை. இருவரும் தொழில்முறைக்கு மாறிவிட்டமையால் அவர்களுக்கு அங்கே இடமில்லை. உலக நாடுகளுக்குள் எது சிறந்தது என்று தீர்ப்பளிக்கக் கூடிய சபையில், உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்களுக்கே பிரவேசம் மறுக்கப்பட்டிருந்தது. 1968-இல் விம்பிள்டன் முதலிய பந்தயங்களும், 1973-இல் டேவிஸ் கோப்பையும் எல்லாத் தொழில்முறையாளருக்கும் திறக்கப்பட்டபோது, அந்த முதல் ஆண்டிலேயே லேவரும் ரோஸ்வாலும் அணிக்குத் திரும்ப, அமெரிக்கர்களை அவர்கள் மண்ணிலேயே ஓர் ஆட்டமும் இழக்காமல் ஆஸ்திரேலியா முறியடித்தது. சர்வதேசப் பந்தயம் என்ற பெயருக்கு அர்த்தம் சேர்ப்பது இதுவே. மேலானவர்கள் வெளியே நிற்க, உள்ளே நடக்கும் போட்டியில் வெல்பவருக்குக் கூட, தாம் வென்றது எதை என்ற ஐயம் எஞ்சும்.

பேஸ்பாலின் கதையும் இதற்குச் சான்று. 1992-இல் ஒலிம்பிக் பதக்க விளையாட்டாக ஏற்கப்பட்ட அவ்வாட்டத்தில், 2000-ஆம் ஆண்டு முதல் தொழில்முறையாளர் ஆடச் சட்டம் இடங்கொடுத்தும், அமெரிக்கப் பெரிய லீக் தன் பருவத்தை இடைநிறுத்தி முன்னணி வீரர்களை அனுப்ப இசையவில்லை. சிறந்தவர்கள் வராத அந்த ஆட்டம், 2008-க்குப் பின் அடுத்து வந்த இரு ஒலிம்பிக்குகளில் இடமே பெறவில்லை. இதற்கு மாறாக, 2006-இல் தொடங்கிய உலக பேஸ்பால் கிளாசிக் என்னும் பந்தயம் பெரிய லீக்கின் பங்கேற்போடு நடக்கிறது. 2023-இல் அதன் இறுதியாட்டத்தில் ஜப்பானின் ஷோஹெய் ஒஹ்தானி, ஒரே லீக் அணியில் தம்முடன் ஆடிவந்த அமெரிக்கரான மைக் டிரவுட்டைக் கடைசிப் பந்தில் வீழ்த்தித் தம் நாட்டுக்கு வெற்றி தேடியபோது, கூலிக்கு ஆடுவோரிடம் கொடியின் மீதான பற்று குன்றிவிடும் என்ற பழைய குற்றச்சாட்டுக்கு வேறு மறுமொழி தேவைப்படவில்லை. நம்மவர் வரலாற்றிலும் மறுமொழி உண்டு: 1987-இல் சிட்னியின் புல்தரையில் ஆஸ்திரேலியாவை டேவிஸ் கோப்பை அரையிறுதியில் வென்று இந்தியாவை இறுதிக்குக் கொண்டு சென்ற விஜய் அமிர்தராஜும் ரமேஷ் கிருஷ்ணனும் உலகெங்கும் சுற்றிப் பரிசுப் பணத்திற்கு ஆடிய தொழில்முறையாளரே.

தொழில்முறையாளர் நாட்டுக்காக ஆடும் இவ்வழக்கத்தின் நன்மைகளுள் நான் எல்லாவற்றினும் மேலாகக் கருதுவது, ஏழைக்கு அது திறக்கும் வாயில். சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில், தறிவேலை செய்த தந்தைக்கும் சாலையோரக் கடை நடத்திய தாய்க்கும் பிறந்து, டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் பழகிய நடராஜன், 2016-இல் தமிழ்நாடு பிரீமியர் லீக்கில், செண்பகனூர் அடங்கிய திண்டுக்கல் மாவட்டத்தின் பெயர் தாங்கிய அணிக்காக வீசிய யார்க்கர்களால் கவனம் பெற்று, மறு ஆண்டு ஐ.பி.எல். ஏலத்தில் மூன்று கோடி ரூபாய்க்கு எடுக்கப்பட்டார். 2020–21-இல் வலைப் பயிற்சிப் பந்துவீச்சாளராக ஆஸ்திரேலியா சென்ற அவர், ஒரே சுற்றுப்பயணத்தில் ஒரு நாள், இருபது ஓவர், டெஸ்ட் என மூவகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். அவ்வாறு அறிமுகமான முதல் இந்தியர் அவரே. கனவான்களின் கழகத்து விதிகள் இன்றும் நீடித்திருக்குமானால், அவர் சின்னப்பம்பட்டியை விட்டு வெளியேறியிருப்பதே அரிது. ஊதியம் தரும் லீக்தான் அவரை நாட்டு அணியின் வாசலுக்குக் கொண்டு வந்தது. ஊதியமும் கொடியும் ஒன்றையொன்று பகைப்பன என்ற கூற்று இங்கே அடியோடு சாய்கிறது.

ஆனால் இதே வாழ்க்கை இவ்வழக்கத்தின் பெருங்குறையையும் காட்டுகிறது. ஐ.பி.எல். பருவம் முடிந்த கையோடு, பிறந்த மகளின் முகத்தைக் கூடப் பாராமல், ஐக்கிய அரபு அமீரகத்திலிருந்து நேரே ஆஸ்திரேலியா சென்ற நடராஜன், 2021 மார்ச்சில் இங்கிலாந்தை எதிர்த்து ஆடிய பின், அடுத்த மாதமே முழங்கால் அறுவை சிகிச்சைக்கு உள்ளானார். நாட்டு அணியில் தொடர்ந்து நிலைபெறும் வாய்ப்பு அத்துடன் நழுவிற்று. காயத்திற்கு இன்னதுதான் காரணம் என்று வெளியிலிருப்போர் தீர்ப்புக் கூறுவது முறையன்று. ஆயினும், ஒரே முழங்காலுக்கு இரண்டு எஜமானர்கள் இருக்கும்போது, அதன் ஓய்வுக்கு இருவரில் எவரும் பொறுப்பாளர் ஆகாத அபாயம் உண்டு என்பதை மறுக்க இயலாது. உலக பேஸ்பால் கிளாசிக்கில் போர்ட்டோ ரிக்கோவுக்காக ஆடிய எட்வின் டயாஸ், 2023-இல் வெற்றிக் களிப்பில் முழங்கால் தசைநாண் கிழிந்து அவ்வாண்டின் லீக் பருவம் முழுவதையும் இழந்தபோது, அமெரிக்காவிலும் இதே அச்சமே மேலெழுந்தது.

பாரத்தின் விளைவு அணிகளின் ஆட்டத்திலும் தென்படுவதுண்டு. 2009-இல் ஐ.பி.எல். முடிந்து சில நாட்களுக்குள் இங்கிலாந்தில் நடந்த இருபது ஓவர் உலகக் கோப்பையின் இரண்டாம் கட்டத்தில் இந்தியா மூன்று ஆட்டங்களிலும் தோற்றது. வீரர்களின் களைப்பைப் பயிற்சியாளர் கேரி கிர்ஸ்டன் அன்று வெளிப்படையாகவே சுட்டினார். 2023-இல் அகமதாபாதில் ஐ.பி.எல். இறுதியாட்டம் மே 30-ஆம் தேதி நள்ளிரவுக்குப் பின் முடிய, ஜூன் 7-ஆம் தேதி ஓவல் மைதானத்தில் உலக டெஸ்ட் சாம்பியன் பட்டத்திற்கான ஆட்டம் தொடங்க, நாம் 209 ஓட்டங்களில் தோற்றோம். எனினும் 2024-இல் சேப்பாக்கத்தில் மே 26 அன்று லீக் முடிந்த பின், ஜூன் 29 அன்று பார்படாஸில் நம் அணி இருபது ஓவர் உலகக் கோப்பையை வென்றதையும் அதே தராசில் வைக்க வேண்டும். லீக் ஆடுவதால் நாட்டு அணி நலியும் என்ற பொது விதி எதுவும் இதனால் நிரூபணமாகவில்லை. இருபது ஓவர் ஆட்டத்திலிருந்து இருபது ஓவர் ஆட்டத்திற்குச் செல்வது எளிது. ஐந்து நாள் ஆட்டத்திற்கு, அதுவும் வேறு தேசத்து மண்ணில், ஏறத்தாழ ஒரு வாரத்தில் மாறுவது கடினம். குறை தொழில்முறையின் சாரத்தில் இல்லை. நாட்காட்டியை வகுப்போரின் அவசரத்தில் இருக்கிறது.

மற்றொரு குறை, நாடுகளுக்கிடையே உள்ள செல்வ வேற்றுமை. நம் கிரிக்கெட் வாரியம் தன் வீரர்களுக்கு வளமாக ஊதியம் தருகிறது, லீக்கும் அதனுடையதே, ஆதலால் இங்கே மோதல் ஒருவாறு அடக்கப்படுகிறது. சிறிய வாரியங்களின் கதி அத்தகையதன்று. 2022 ஆகஸ்டில் நியூசிலாந்தின் டிரெண்ட் போல்ட், குடும்பத்தோடு அதிக காலம் கழிக்கவும் வெளிநாட்டு லீக்குகளில் ஆடவும் கருதி, வாரியத்தின் மத்திய ஒப்பந்தத்திலிருந்து விடுதலை கேட்டுப் பெற்றார். அவரை நன்றியற்றவர் என்று தூற்றுவது சுலபம். ஆட்டக்காரரின் உழைக்கும் பருவம் பதினைந்து ஆண்டுகளுக்குள் முடிந்துவிடுகிறது என்பதையும், எஞ்சிய ஆயுள் முழுவதற்கும் அதற்குள்ளேயே சேமிக்க வேண்டும் என்பதையும் எண்ணிப் பார்ப்பவர் அவ்வாறு தூற்றத் தயங்குவர்.

இனி, நாடு வீரரிடம் ஆட்டத்தை மட்டுமே கேட்பதில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. 1974-இல் டேவிஸ் கோப்பையின் இறுதிக்கு வந்த இந்தியா, நிறவெறி ஆட்சி நடத்திய தென் ஆப்பிரிக்காவோடு ஆட மறுத்து, கோப்பையையே விட்டுக்கொடுத்தது. அம்முடிவு நியாயமானது, இன்று நினைத்தாலும் தலை நிமிர்கிறது. ஆயினும் அந்த நியாயத்திற்கான விலையைத் தம் வாழ்வின் அரிய வாய்ப்பாகச் செலுத்தியவர்கள் அமிர்தராஜ் சகோதரர்களும் அவர்களுடைய தோழர்களும் ஆவர். கொடியின் கீழ் ஆடுவது சொந்த லாபத்திற்கு அப்பாற்பட்ட ஒரு பொறுப்பில் பங்கு கொள்வதாகும். லீக் ஆட்டம் அப்பொறுப்பை ஒருபோதும் அளிக்க இயலாது. தொழில்முறையாளரும் நாட்டு அணியில் இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதன் ஆழ்ந்த காரணம் இதுவே. ஏலத்தில் தம்மை எடுத்த அணியை ஒருவர் மூன்றாண்டில் மாற்றலாம்; தம் ஊராருக்கும் மொழியினருக்கும் நாட்டினருக்கும் அவர் கடன்பட்டிருப்பதை அவ்வாறு மாற்ற இயலாது, ரசிகரும் அதை அறிவர்.

அக்கடனை வற்புறுத்தும் நாடு தன் கடனை எவ்வாறு தீர்ப்பது என்பதே இறுதி வினா. இதற்கு உலகில் வழிகாட்டிகள் இல்லாமல் இல்லை. சர்வதேசக் கால்பந்துச் சம்மேளனமான பிபா, நாட்டுக்காக ஆடும் நாட்களை முன்கூட்டியே வகுத்து, அந்நாட்களில் வீரர்களை விடுவிக்குமாறு கழகங்களைக் கட்டாயப்படுத்துகிறது. அதற்கு ஈடாக, நாட்டுப் பணியில் காயமுற்றவரின் சம்பளத்தைக் கழகத்திற்கு ஈடுசெய்யும் திட்டத்தை 2012 முதல் நடத்துகிறது. 2022 உலகக் கோப்பைக்கு வீரர்களை அனுப்பிய கழகங்களுக்கு 20 கோடிக்கும் மேற்பட்ட டாலர் பகிர்ந்தளித்தது. கட்டாயமும் ஈடும் அங்கே இணைந்தே செல்கின்றன. நம் கிரிக்கெட்டிலும் ஏனைய ஆட்டங்களிலும் இதைப் பின்பற்றி, லீக் பருவத்திற்கும் பெரிய சர்வதேசப் பந்தயத்திற்கும் இடையே தக்க ஓய்வுக்காலத்தைச் சட்டமாக்குதல், காயமுற்ற வீரரின் இழந்த வருமானத்திற்குக் காப்பீடு, ஒரு பருவம் விலகி நிற்க விரும்புவோர் அவமானமின்றி விலகும் உரிமை, அணியில் நிலைக்காமற் போனவர்களுக்கும் ஆட்டக் காலம் முடிந்த பின் ஒரு பாதுகாப்பு ஆகியவற்றை ஏற்படுத்துவது அவசியம். நட்சத்திர வீரர்கள் இவை இல்லாமலும் வாழ்வர். ஒரு காயத்தோடு வாய்ப்பை இழக்கும் கிராமத்துப் பந்துவீச்சாளர்களுக்கே இவை உயிர்நிலை.

அமெச்சூர் காலத்தார் தியாகத்தைப் புகழ்ந்து தியாகியை மறந்தனர். நம் காலத்தார் ஊதியத்தைக் கண்டு, அத்துடன் எல்லாக் கணக்கும் தீர்ந்ததாக எண்ணுகின்றனர். லீக் தரும் கோடிகள் லீக்கில் ஆடியதற்கான கூலி. நாட்டுப் பணியில் நேரும் இழப்புக்கு அவை ஈடாகா. விரதம் கேட்ட சபை விரதியைக் காத்தது போல், கொடியின் பெயரால் ஒருவரை அழைக்கும் நாடும் அவரைக் காக்கும் கடமையை எழுத்தில் ஏற்குமானால், தொழில்முறை ஆட்டக்காரரைச் சர்வதேசப் பந்தயங்களுக்கு அழைப்பதில் எஞ்சும் ஆட்சேபம் எதையும் நான் காணவில்லை. அவ்வாறு ஏற்காதவரை, வர மறுக்கும் வீரரைக் குறைகூறும் தகுதி நம்மில் எவருக்கும் இல்லை.