தகரப் படகின் சத்தத்தை ரசிப்பது எப்படி?

திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டு முற்றத்தில் ஒன்றரை முழ அகலத்துக்கு ஒரு வெண்கல உருளி இருக்கிறது. விசேஷ நாட்களில் அதில் பூ மிதக்கும். மற்ற நாட்களில் நீராவிப் படகு ஓடும். கிழக்கேகோட்டையில் திருவிழாக் கடை ஒன்றில் வாங்கிய, உள்ளங்கை நீளத் தகரப் படகு. ஒரு திரி விளக்கு, அதற்கு மேலே தட்டையான குட்டிக் கொதிகலன், அதிலிருந்து பின்பக்கம் இறங்கும் இரண்டு குழாய்கள். எஞ்சின் அவ்வளவுதான்.

ஒரு குழாயில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுங்கள், மற்றதில் வழியும் வரை. குழாய் வாய்களை விரலால் மூடியபடியே படகைத் தண்ணீரில் இறக்குங்கள். திரியை ஏற்றிக் கொதிகலனுக்கு அடியில் தள்ளுங்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது. குழந்தைகள் பொறுமையிழந்து படகைக் கையால் தள்ளிவிடுவார்கள். தள்ள வேண்டாம், காத்திருங்கள். படகு லேசாக நடுங்கும். இரண்டு மூன்று விக்கல் வரும். பிறகு விக்கல்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு டப்டப்டப் என்று சீராகப் பிடித்துக்கொள்ளும். அந்த ஒரு நொடிக்காகவே நான் இதை நூறு முறை ஓட்டியிருப்பேன்.

உள்ளே சிலிண்டர் இல்லை, பிஸ்டன் இல்லை, சக்கரமும் இல்லை. கொதிகலனில் உள்ள சிறிதளவு தண்ணீர் ஆவியாகிறது. தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 1,600 மடங்கு இடம் கேட்கும். அது குழாயில் நிற்கும் தண்ணீரை வெளியே தள்ளுகிறது. தள்ளிக்கொண்டே போன ஆவி, குழாயின் குளிர்ந்த பகுதிக்கு வந்ததும் மறுபடி நீராகச் சுருங்குகிறது. வெளியே போன தண்ணீர் உள்ளே இழுபடுகிறது. போன அளவே திரும்பி வருகிறது என்றால் படகு நின்ற இடத்திலேயே ஆட வேண்டியதுதானே? இதற்கு விடை மெழுகுவர்த்தியில் இருக்கிறது. ஒரு கை தூரத்திலிருந்து ஊதி அதை அணைக்கலாம். அதே தூரத்திலிருந்து மூச்சை இழுத்து அணைக்க முடியாது. வெளியே போவது ஒரே திசையில் பாய்கிறது, உள்ளே வருவது எல்லாப் பக்கமிருந்தும் வருகிறது. குழாய் வாய்க்குப் பின்னால் மஞ்சள் கரைத்த நீரைச் சொட்டு சொட்டாக விட்டுப் பாருங்கள். மஞ்சள் கோடு பின்னால் நீள்வது கண்ணுக்கே தெரியும்.

1891-இல் பிரிட்டனில் தாமஸ் பியோ என்பவர் இந்த வகைப் படகுக்குக் காப்புரிமை வாங்கினார். இன்று அயல்நாட்டுக் கடைகளில் விற்கும் தகரப் படகுகளில் பல நம் நாட்டில் கையால் வெட்டி, மடித்து, ஈயப் பற்று வைத்தவை. அங்கே அது கடைச்சரக்கு. செய்தவருக்கோ ஒரு நாள் கைவேலை.

அந்தக் கையை எங்கே பார்ப்பது? படகைக் கவிழ்த்துப் பாருங்கள். வெளியே சிவப்பும் நீலமுமாகச் சாயம் இருக்கும். அடியில், மடிப்புக்குள், பழைய டின்னின் அச்சு எட்டிப் பார்க்கும். என்னுடைய படகில் பாதி அறுபட்ட ஓர் எழுத்தும் சூரியகாந்திப் பூவின் இரண்டு இதழ்களும் இருக்கின்றன. எண்ணெய் டின் ஒன்று படகாகியிருக்கிறது. அடுத்து பற்று வைத்த இடங்களைப் பாருங்கள். ஈயம் எங்கே திரண்டிருக்கிறது, எங்கே மெல்ல இழுத்துவிடப்பட்டிருக்கிறது என்று விரலால் தடவினாலே தெரியும்.

மீதி எல்லாம் காதுக்கு. கொதிகலனின் ஒரு பக்கம் மிக மெல்லிய தகடு. ஆவி அழுத்தும்போது அது வெளியே புடைத்து, இழுபடும்போது உள்ளே குழிகிறது. டப் என்ற சத்தம் அதுதான். தகடு தடிப்பாக இருந்தால் சத்தம் மந்தமாக வரும். பற்று வைக்கும்போது விறைப்பாக இழுத்துவிட்டால் படகு ஓடும், பேசாது. சாலைக் கடைத்தெருவில் வெண்கலப் பாத்திரம் வாங்கும்போது விரல் முட்டியால் தட்டிக் கேட்பார்களே, அதே காதுதான் இங்கேயும் வேண்டும். ஒரே கடையில், ஒரே நாளில் வாங்கிய இரண்டு படகுகள் ஒரே குரலில் பேசி நான் கேட்டதில்லை.

தொழிற்சாலை எஞ்சின்கள் வேறு உலகம். பிரிட்டனின் மாமோட் 1937-இலும் ஜெர்மனியின் வில்லெஸ்கோ 1950-இலும் பொம்மை நீராவி எஞ்சின்கள் செய்யத் தொடங்கின. பளபளக்கும் பித்தளைக் கொதிகலன், அழுத்தம் மிஞ்சினால் தானே திறக்கும் வால்வு. முதல் நாள் எப்படி ஓடியதோ, பல வருடம் கழித்தும் அப்படியே ஓடும். இந்த ஒழுங்கைக் குறைவாக மதிப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அதுவும் ஓர் அழகு. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு. ஸ்டூவர்ட் மாடல்ஸ் நிறுவனத்திடம் வார்ப்புகளையும் வரைபடத்தையும் மட்டும் வாங்கலாம். கடைந்து, துளையிட்டு, பொருத்துவது வாங்கியவர் பாடு. அவர்களுடைய 10-ஆம் எண் எஞ்சினின் சிலிண்டர் விட்டம் முக்கால் அங்குலம்தான். அதைச் சொந்த லேத்தில் கடைந்து முடிக்கச் சிலருக்கு வருடக்கணக்காகும்.

அப்படிச் செய்த எஞ்சின் கையில் கிடைத்தால் வேகமாக ஓட்டிக் காட்டச் சொல்லாதீர்கள். வேகத்தில் எல்லாக் குறையும் மறைந்துவிடும். மெதுவாக ஓடச் சொல்லுங்கள். சக்கரம் ஒவ்வொரு சுற்றையும் யோசித்து யோசித்து முடிப்பது போல, ஆனால் எங்கும் நிற்காமல் சுழன்றால், பிஸ்டனைப் பொருத்திய கை தேர்ந்த கை. வாயால் குழாயில் ஊதியே ஓட்டிக் காட்டுபவர்கள் உண்டு. மூச்சுக்கு ஓடும் எஞ்சின் உராய்வே இல்லாதது போல இழைத்தது என்று பொருள்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பானவன். தகரப் படகின் குழாய்கள் திறந்தே இருப்பதால் அதில் அழுத்தம் சேராது. மூடிய கொதிகலன் அப்படியல்ல. கையால் செய்தது என்றால், குளிர்ந்த நீரை ஏற்றி, ஓடும் அழுத்தத்தைப் போல இரண்டு மடங்கில் சோதிக்காமல் அடுப்பு மூட்டக் கூடாது. அந்த வசதி இல்லாதவர் கொதிகலனையாவது தொழிற்சாலையில் செய்ததாக வாங்கட்டும்.

ஸ்ரீவராகம் கோயில் குளத்தைப் பார்த்தால் படகை அதில் விட்டுப் பார்க்க யாருக்கும் ஆசை வரும். வேண்டாம். எண்ணெய் சிந்தும், அது கோயில் குளம். உருளியோ அகலமான அண்டாவோ போதும்; பின்னால் உள்ள சுக்கானை லேசாக வளைத்துவிட்டால் வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

அடுத்த பங்குனி உற்சவத்துக்குக் கிழக்கேகோட்டைப் பக்கம் போனால் படகு விற்பவர் முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள். நாலைந்து படகுகளைத் தண்ணீரில் ஓட்டிக் காட்டச் சொல்லி, கண்ணை மூடிக் கேட்டு, குரல் பிடித்ததை எடுங்கள். விலை பேசாதீர்கள். வீட்டில் ஓட்டி முடித்ததும் குழாய்களில் உள்ள தண்ணீரை உதறிவிட்டு வெயிலில் வையுங்கள். துரு ஏறினால் முதலில் போவது அந்தச் சத்தம்தான்.