ஏழு நிமிஷம்

2007ஆம் வருஷம் ஜனவரி மாதம் 27ந் தேதி. சென்னை சேப்பாக்கத்தில் இந்தியாவுக்கும் மேற்கு இந்தியத் தீவுகளுக்கும் ஒருநாள் கிரிக்கெட் மாட்ச். புதுக்கோட்டையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அப்பாவும் நானும் டெலிவிஷன் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். மொட்டை மாடியில் ஆன்டெனா, பெட்டியில் தூர்தர்ஷன். பக்கத்து வீட்டில் மாதா மாதம் பணம் கட்டிப் பார்க்கிற விளையாட்டுச் சேனல். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "அவுட்!" என்று ஒரு கூச்சல் கேட்டது. எங்கள் பெட்டியில் பார்த்தால், ஆட்டக்காரர் சாவகாசமாகக் கையுறையைச் சரிசெய்துகொண்டு நிற்கிறார். அப்பா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னும் ஏழு நிமிஷம் அவனுக்கு ஆயுசு இருக்குடா. ஆடிட்டுப் போகட்டும்" என்றார்.

நான் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். அன்று இந்தியா தோற்றது. அதுவும் எங்களுக்கு ஏழு நிமிஷம் முன்னதாகவே, சுவர் வழியாக, ஒரு நிசப்தமாக வந்து சேர்ந்தது.

இந்த ஏழு நிமிஷம் மின்சாரக் கோளாறோ, ஆன்டெனாவில் காக்காய் உட்கார்ந்ததோ அல்ல, கோர்ட்டு உத்தரவு. இந்திய மாட்சுகளை ஒளிபரப்பும் உரிமையை நிம்பஸ் என்ற கம்பெனி வாங்கியிருந்தது. தூர்தர்ஷனுக்கும் படம் கொடுக்க வேண்டும் என்று அரசாங்கத் தரப்பு கேட்டது. நேரடியாகக் கொடுத்தால் எங்கள் சேனலை எவன் பணம் கொடுத்துப் பார்ப்பான் என்று கம்பெனி கேட்டது. அந்தத் தொடரின் முதல் மாட்சு நாகபுரியில் நடந்தபோது தூர்தர்ஷனில் ஒன்றுமே வரவில்லை. பிறகு டில்லி உயர் நீதிமன்றம் ஒரு சமாதானம் கண்டுபிடித்தது: தூர்தர்ஷன் காட்டலாம், ஆனால் ஏழு நிமிஷம் கழித்துக் காட்ட வேண்டும்.

நியாயமான தீர்ப்பு என்றே அப்போது எனக்குத் தோன்றிற்று. ஏழு நிமிஷம் என்ன பெரிய காலம்? வாரப் பத்திரிகையில் தொடர்கதை எழுதிப் பிழைக்கிறவன் நான். வாசகரை ஏழு நாள் காக்க வைப்பதுதான் என் தொழில். எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் வள்ளி திருமணம் நாடகம் விடிய விடிய நடக்கும். கடைசியில் முருகன் வள்ளியைக் கல்யாணம் பண்ணிக்கொள்வான் என்பது தெரியாமல் அங்கே ஒரு குழந்தைகூட உட்கார்ந்திருக்காது. ஆனாலும் ஜனங்கள் எழுந்து போவதில்லை. எப்படிப் பாடுகிறார், எப்படி எதிர்வாதம் செய்கிறார் என்பதில்தான் ருசி.

ஆட்டம் அப்படியல்ல என்பதை அப்பா எழுந்து போனபோதுதான் தெரிந்துகொண்டேன். ஆட்டத்துக்கு ஆசிரியன் கிடையாது. ஆடுகிறவனுக்கும் தெரியாது, பார்க்கிறவனுக்கும் தெரியாது. அந்த ஒரு விஷயத்தில் மைதானத்தில் நிற்கிறவனும் புதுக்கோட்டைக் கூடத்தில் உட்கார்ந்திருப்பவனும் சரிசமம். அந்தச் சமத்துவத்தைத்தான் ரசிகன் விரும்பி வருகிறான். ஏழு நிமிஷம் தள்ளிக் கொடுத்தால் அவனுக்குப் படம் கிடைக்கும், ஆட்டம் கிடைக்காது. பழைய சோறும் சோறுதான் என்று சொல்லலாம். ஆனால் பந்தியில் உட்கார வைத்துவிட்டு அதைப் பரிமாறினால் யாருக்கும் தொண்டையில் இறங்காது.

உரிமை வியாபாரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் படத்தைப் பற்றியே பேசுகிறார்கள். அவர்கள் பேரில் எனக்குள்ள முதல் குறை அதுதான்.

நான் சட்டம் படித்தவனல்ல. கல்லூரிப் படிப்பையே பாதியில் விட்டவன். ஆனாலும் ஒரு கதையை எங்கே ஆரம்பித்து எப்படி முடித்திருக்கிறார்கள் என்று பார்க்கத் தெரியும். இந்தக் கதையின் ஆரம்பம் உண்மையிலேயே பிரமாதம். 1993ல் வங்காளக் கிரிக்கெட் சங்கம் ஹீரோ கோப்பை ஒளிபரப்பை ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்கு விற்றது. தூர்தர்ஷன் சண்டைக்கு நின்றது. 1995 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னபோது, வானத்து அலைகள் பொதுச் சொத்து, அவை சர்க்காரின் தனிச் சொத்தல்ல என்று சொல்லிற்று. அதோடு நிறுத்தாமல், அவற்றைப் பணக்காரர்கள் கையில் மொத்தமாக ஒப்படைப்பதும் தவறு என்ற கருத்தையும் சேர்த்துச் சொல்லிற்று. பார்க்கிறவனுடைய உரிமை என்ற ஒன்று அந்தத் தீர்ப்பில் உயிரோடு இருக்கிறது. இப்படி ஒரு முதல் அத்தியாயம் எழுதக் கிடைத்தால் எந்த நாவலாசிரியனும் சந்தோஷப்படுவான்.

அப்புறம் கதை இடறுகிறது. 2004ல் இந்திய அணி பாகிஸ்தானுக்குப் போனபோது அதே தகராறு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்து, பிறகு சுப்ரீம் கோர்ட்டுக்கும் போயிற்று. தூர்தர்ஷனில் மாட்சு வந்தது. 2007ல், எங்கள் ஏழு நிமிஷத்துக்குப் பிறகு, அவசரச் சட்டமும் அதைத் தொடர்ந்து நிரந்தரச் சட்டமும் பிறந்தன. தேசிய முக்கியத்துவம் உள்ள ஆட்டங்களின் படத்தை உரிமைக்காரர் தூர்தர்ஷனுக்கும் கொடுத்தாக வேண்டும். விளம்பர வருமானத்தில் நூற்றுக்கு 75க்குக் குறையாமல் உரிமைக்காரருக்கு, மிச்சம் தூர்தர்ஷனுக்கு. அப்பா அன்று பேப்பரை இரண்டு தடவை படித்தார்.

பத்து வருஷம் அந்தச் சட்டத்தின் நிழலில் இருந்தோம். 2017 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டின் இன்னொரு தீர்ப்பு. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். கேபிள்காரர்கள் தூர்தர்ஷனைக் கட்டாயம் காட்ட வேண்டும் என்று வேறொரு சட்டம் இருக்கிறது. அதனால் தூர்தர்ஷனுக்குக் கொடுத்த மாட்சு கேபிள் வழியாக எல்லா வீட்டுக்கும் இனாமாகப் போய்விடுகிறது, உரிமைக்காரருக்கு நஷ்டம். ஆகவே அப்படிக் கொடுக்கப்பட்ட படத்தைத் தூர்தர்ஷன் தன் சொந்தக் கோபுரங்களிலும் தன் சொந்த டிஷ்ஷிலும் மட்டுமே காட்டலாம் என்றது கோர்ட்டு. சட்ட வாசகத்தைப் பிசகாமல் படித்தால் அப்படித்தான் வரும் என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள், நான் மறுக்கவில்லை. விளைவு என்னவென்றால், ஒரே தூர்தர்ஷன், மாடியில் டிஷ் வைத்த வீட்டில் கிரிக்கெட் காட்டும். கேபிள் வீட்டில் வேறு எதையாவது காட்டும். பெயர் ஒன்று, முகம் இரண்டு.

தமிழ்நாட்டில் இது யார் தலையில் விடிந்தது? இங்கே கேபிள் இல்லாத தெரு அபூர்வம். 2006க்குப் பிறகு சர்க்கார் வீடு வீடாகக் கலர் டெலிவிஷன் பெட்டி கொடுத்தது. 2011க்குப் பிறகு அரசு கேபிளும் குறைந்த கட்டணத்தில் வந்தது. ஏழை வீட்டில் ஆன்டெனா இறங்கி, கம்பி ஏறிற்று. இனாமாகப் பார்க்கட்டும் என்று யாருக்காகச் சட்டம் செய்தார்களோ, அவர்களில் பெரும்பாலோர் கம்பிக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்கள். அந்த நாளைய ஆன்டெனாவை விடாமல் வைத்திருந்தவர்களுக்கும் கதி இல்லை: 2021 கடைசியிலும் 2022 ஆரம்பத்திலும் தூர்தர்ஷன் தன் பழைய கோபுரங்களில் அநேகமாக எல்லாவற்றையும் நிறுத்திவிட்டது. எங்கள் மாடியில் ஆன்டெனா இன்னும் இருக்கிறது. துணி காயப்போடக் கயிறு கட்டியிருக்கிறோம்.

கிரிக்கெட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். இந்தச் சட்டங்கள் எல்லாம் கிரிக்கெட்டுக்காக நடந்த சண்டையில் பிறந்தவை. ஹாக்கி அதன் மூட்டை முடிச்சோடு கூடவே வந்து சேர்ந்தது. ஆனால் அடி யாருக்கு அதிகம் என்று கேட்டால் ஹாக்கி ரசிகனுக்குத்தான் என்பேன். கிரிக்கெட்டை ஒரு கதவில் மறித்தால் வேறு பத்துக் கதவு திறக்கும்.

எங்கள் ஊரில் ஒரு ரிட்டயர்டு டிரில் மாஸ்டர் இருக்கிறார். வாலிபத்தில் ஹாக்கி ஆடியவர். 1980ல் மாஸ்கோவில் பாஸ்கரன் தலைமையில் இந்தியா தங்கப் பதக்கம் வாங்கியதைச் சொல்லும்போது இன்றைக்கும் நாற்காலியிலிருந்து எழுந்துவிடுவார். 2018 நவம்பர் 16ந் தேதி கஜா புயல் அடித்தது. புதுக்கோட்டைப் பக்கத்தில் தென்னையும் மின்கம்பமும் சேர்ந்தே விழுந்தன. கிராமங்களில் வாரக்கணக்கில் இருட்டு. அந்த இருட்டில்தான் புவனேசுவரத்தில் உலகக் கோப்பை ஹாக்கி ஆரம்பித்தது. டிசம்பர் 13ந் தேதி இந்தியாவுக்கும் ஹாலந்துக்கும் கால் இறுதி. அதற்குள் சார் வீட்டுக்கு மின்சாரம் வந்துவிட்டது. குளித்துவிட்டு, ஒரு மணி நேரம் முன்னதாகவே பெட்டிக்கு முன் உட்கார்ந்தாராம். அவர் வாங்கியிருந்த கேபிள் கட்டில் அந்த விளையாட்டுச் சேனல் இல்லை. கேபிளில் வந்த தூர்தர்ஷனில் ஹாக்கி இல்லை. இந்தியா ஒன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தோற்றதை மறுநாள் பேப்பரில் படித்தார்.

"புயல் இருட்டடிச்சப்போ வருத்தம் இல்ல தம்பி. கரண்டு வந்தப்புறம் அடிச்சதுதான் தாங்கல" என்று என்னிடம் சொன்னார்.

உலகத்தில் நாம்தான் இப்படி அவதிப்படுகிறோம் என்று நினைக்க வேண்டாம். என் தங்கை மகன் அமெரிக்காவில் இருக்கிறான்; பனிக்கட்டிமேல் ஆடுகிற ஹாக்கியில் பைத்தியம். அந்த லீகின் எல்லா மாட்சுகளையும் பார்ப்பதற்கென்று ஒரு சீசனுக்குப் பணம் கட்டினான். எல்லாம் வந்தன, அவன் குடியிருக்கிற ஊரின் டீம் ஆடுகிற மாட்சுகளைத் தவிர! அந்த வட்டாரத்துக்கான உரிமையை வட்டாரச் சேனல் ஒன்று தனியாக வாங்கியிருக்கிறது; ஆகவே அந்த எல்லைக்குள் இருப்பவனுக்கு இருட்டடிப்பு. "ஊரை விட்டு ஓடினாத்தான் மாமா ஊர் டீமைப் பார்க்க முடியும்" என்றான். இங்கிலாந்தில் சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக் கால்பந்து ஆட்டங்களை உள்நாட்டில் நேரடியாகக் காட்டக் கூடாது என்று ஒரு பழைய ஏற்பாடு உண்டு. அதிலாவது ஒரு காரணம் இருக்கிறது: ஜனங்கள் வீட்டில் உட்காராமல் தங்கள் ஊர் மைதானத்துக்குப் போகட்டும் என்று.

தங்கை மகன் சொன்னதைக் கேட்டபோது எங்கள் சமஸ்தானத்து அம்மன் காசு ஞாபகம் வந்தது. சின்னஞ்சிறு செப்புக் காசு. புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக்குள் அதற்கு மதிப்பு. எல்லைக்கு வெளியே வெறும் செம்பு. 1948ல் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது, காசும் போயிற்று. அது ஊருக்குள் செல்லும், வெளியே செல்லாது. இவர்கள் அச்சடித்திருக்கிற காசு வெளியே எங்கும் செல்லும், சொந்த ஊருக்குள் செல்லாது. தொண்டைமான் ராஜாக்களுக்குக்கூடத் தோன்றாத யோசனை.

உரிமைக்காரர் பக்கம் ஒன்றும் நியாயம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 2023 முதல் ஐந்து வருஷ ஐ.பி.எல். உரிமை 48,390 கோடி ரூபாய்க்குப் போயிற்று. அவ்வளவு பணம் கொட்டினவன் வேலி போடாமல் இருக்க மாட்டான். பணம் வராவிட்டால் ஆட்டம் என்ன ஆகும் என்பதற்கும் ஹாக்கியே சாட்சி: 2013ல் ஆரம்பித்த ஹாக்கி இந்தியா லீக் 2017க்குப் பிறகு நின்று, 2024 டிசம்பரில்தான் மறுபடி கண் விழித்தது. ஆகவே எல்லாம் இனாம் என்று கோஷம் போட நான் தயாரில்லை. என் புத்தகத்தை எவனாவது இனாமாக அச்சடித்தால் நானும்தான் கோர்ட்டுக்குப் போவேன்.

ஆனால் புத்தகத்துக்கு ஒரு வாசகசாலை இருக்கிறது. வாங்க முடியாதவன் அங்கே போய்ப் படிக்கிறான். பதிப்பாளர் யாரும் வாசகசாலைக்குப் போகிற பிரதியில் நடுப் பக்கங்களைக் கிழித்துவிட்டுக் கொடுப்பதில்லை. வாடகை வீட்டுக்காரன் படிக்கக் கூடாது, சொந்த வீட்டுக்காரன் படிக்கலாம் என்று போர்டு மாட்டுவதும் இல்லை. தேசிய முக்கியத்துவம் என்று ஒரு ஆட்டத்துக்குப் பெயர் வைத்தால், தேசத்தில் எந்தக் கம்பி எந்த வீட்டுக்குப் போகிறது என்று பார்த்துக் கொடுப்பது என்ன முறை? 1995 தீர்ப்பில் முக்கியப் பாத்திரமாக வந்த பார்வையாளன் 2017 தீர்ப்புக்குள் சந்தாதாரனாகவோ சந்தா தராதவனாகவோ மட்டும் வருகிறான். ஒரு நாவலில் இப்படிச் செய்தால் விமர்சகர்கள் சும்மா விடமாட்டார்கள்.

இப்போது போன் வந்துவிட்டதே, இந்தப் புலம்பல் எதற்கு என்று என் வீட்டிலேயே கேட்கிறார்கள். போன் வந்துவிட்டது வாஸ்தவம். 2025 டிசம்பரில் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. 10ந் தேதி சென்னையில் மூன்றாவது இடத்துக்காக இந்தியாவும் அர்ஜென்டினாவும் ஆடின. டிரில் மாஸ்டர் சாரும் நானும் கீழ ராஜ வீதியில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். சார் கையில் ஒரு போன், டீ ஆற்றுகிற பையனிடம் ஒன்று, எதிர் பெஞ்சில் ஒரு காலேஜ் மாணவனிடம் ஒன்று. இந்தியா முதலில் இரண்டு கோல் வாங்கியிருந்தது. சார் பேச்சே இல்லாமல் இருந்தார். கடைசிக் கால் பகுதியில் சட்டென்று எதிர் பெஞ்சுக்காரன், "கோல்!" என்று துள்ளினான். சார் போனில் பந்து இன்னும் நடு மைதானத்தில் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து டீ ஆற்றுகிற பையன் கத்தினான். சார் போனில் அப்போதும் பந்து வலைக்குள் போகவில்லை.

இப்படியே நான்கு கோல். நான்கும் எங்களுக்கு மூன்று மூன்று தடவை விழுந்தன. இந்தியா ஜெயித்துவிட்டது. சார் இரண்டாவது கோலோடு தம் போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு எதிர் பெஞ்சுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

"தம்பி, ஒன்னுதுல முன்னாடி வருது. கொஞ்சம் இப்படித் திருப்பு" என்றார்.