ஆக்சுவரியல் சயின்ஸ் இளங்கலை: யாருடைய இறப்பு அட்டவணை?

பிளஸ் டூ ரிசல்ட் வரும் பருவத்தில் வருஷா வருஷம் எனக்கு ஒரு கேள்வி வருகிறது: "பி.எஸ்சி. ஆக்சுவரியல் சயின்ஸ் சேர்க்கலாமா? நல்ல சம்பளமாமே?" கேட்பவர்கள் பெரும்பாலும் கணக்கில் நல்ல மார்க் வாங்கிய பிள்ளையின் பெற்றோர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதற்குப் பதிலாக, இதுவரை சேர்த்து வைத்த குறிப்புகளை ஒழுங்குபடுத்தி இங்கே போடுகிறேன். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் ஆக்சுவரி இல்லை, புள்ளியியல் படித்தவன். இந்தத் துறை மேல் எனக்கு மரியாதை உண்டு. என் விமர்சனம் துறை மேல் இல்லை, அதை இளங்கலைப் பட்டமாகக் கட்டிக் கொடுக்கும் விதத்தின் மேல்.

பட்டம் வேறு, தகுதி வேறு

டாக்டர் ஆக எம்.பி.பி.எஸ். படித்தே ஆகவேண்டும். ஆக்சுவரி ஆக ஆக்சுவரியல் பட்டம் தேவையே இல்லை. இந்தியாவில் 2006-ஆம் ஆண்டு ஆக்சுவரிகள் சட்டத்தின்படி இத்தொழிலை ஒழுங்குபடுத்துவது இந்திய ஆக்சுவரிகள் நிறுவனம். அதில் சேர ஏசிஇடி என்ற நுழைவுத் தேர்வு இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவரே அதை எழுதலாம். பிறகு தாள்கள். 2019-இல் வந்த பாடத்திட்டத்தின்படி ஃபெல்லோ ஆக மொத்தம் 13 தாள்கள்: அடிப்படைக் கோட்பாட்டுத் தாள்கள் ஏழு, நடைமுறைத் தாள்கள் மூன்று, சிறப்புத் தாள்கள் மூன்று. வேலை பார்த்த அனுபவமும் காட்டணும். ஒரே தாளை இரண்டு மூன்று முறை எழுதுவது இங்கே சாதாரணம். அதில் வெட்கப்பட எதுவுமில்லை.

அப்போ மூணு வருஷப் பட்டம் என்ன செய்கிறது? பெரும்பாலும் அந்த முதல் ஏழு தாள்களின் பாடத்தையே செமஸ்டர்களாக நறுக்கிக் கொடுக்கிறது. அதே வட்டிக் கணக்கு, அதே உயிர்பிழைப்புப் பகுப்பாய்வு, அதே பிரீமியச் சூத்திரம். மாணவி ஒரே பாடத்தைப் பல்கலைக்கழகத்துக்காக ஒரு தடவையும் தொழில் தேர்வுக்காக இன்னொரு தடவையும் எழுதுகிறாள். இதற்கு இடம் விட வேண்டி, கணிதப் பட்டத்தில் வரும் மெய்ப்பகுப்பாய்வும் நேரியல் இயற்கணிதமும் பல இடங்களில் சுருங்கிவிடுகின்றன. இரண்டாம் வருஷத்தில் "இது எனக்குப் பிடிக்கல" என்று அவளுக்குத் தோன்றினால் வெளியே போகும் வாசல் குறுகலாக இருக்கும். பி.எஸ்சி. கணிதமோ புள்ளியியலோ படித்துக்கொண்டே தாள்கள் எழுதியவளுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

இது எல்லாரும் சொல்லும் விமர்சனம்தான். எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று.

பின்பக்கத்து எண்கள்

ஆக்சுவரியின் அடிப்படைக் கணக்கு எளிமையானது. 30 வயது ஆண்கள் 1,000 பேர். ஒரு வருஷத்துக்குத் தலைக்கு 10 லட்சம் ரூபாய்க் காப்பீடு. வட்டியையும் அலுவலகச் செலவையும் இப்போதைக்கு விட்டுவிடுவோம். ஆயிரத்தில் ஒருவர் இறப்பார் என்று அட்டவணை சொன்னால் தலைக்கு 1,000 ரூபாய் வசூலித்தால் சரியாகிவிடும். இரண்டு பேர் என்று சொன்னால் 2,000 ரூபாய். ஆக, எல்லாம் அட்டவணையில் நிற்கிறது.

அந்த அட்டவணை எங்கிருந்து வருகிறது? தேர்வுக் கூடத்தில் மாணவர் கையில் இருப்பது 'சூத்திரங்களும் அட்டவணைகளும்' என்ற பிரிட்டிஷ் புத்தகம். அதில் மாணவர்கள் அதிகம் புரட்டுவது ஏஎம்92. பிரிட்டனில் ஆயுள் காப்பீடு எடுத்திருந்த ஆண்களின் 1991 முதல் 1994 வரையிலான இறப்பு அனுபவத்தை வைத்துச் செய்தது. அதாவது திருச்சியிலோ புனேயிலோ உட்கார்ந்து தாள் எழுதும் இருபது வயதுப் பிள்ளை, முப்பது வருஷத்துக்கு முந்தைய பிரிட்டிஷ் ஆண்களின் சாவை வைத்துத்தான் பிரீமியம் போடக் கற்றுக்கொள்கிறது.

வித்தியாசம் எவ்வளவு? ஏஎம்92-இன்படி 30 வயதில் ஒரு வருஷத்துக்குள் இறக்கும் வாய்ப்பு ஆயிரத்துக்குச் சுமார் 0.59. இந்தியக் காப்பீட்டாளர்களுக்கான 2012-14 அட்டவணையில் (2019 ஏப்ரல் முதல் நடப்பில் இருப்பது) அதே வயதுக்குச் சுமார் 0.98. மேலே போட்ட கணக்கில் வைத்தால் ஒன்று 590 ரூபாய், மற்றது 980 ரூபாய். மூன்றில் இரண்டு பங்கு அதிகம். அந்த இந்திய அட்டவணையும் பாலிசி எடுத்தவர்களுடையதுதான், நாட்டு மக்கள் எல்லாருடையதும் இல்லை. பாலிசி எடுக்க முடிந்தவர், மருத்துவக் கேள்விகளைத் தாண்டி வந்தவர். கட்டட வேலைக்குப் போகிறவர் அதில் எந்த அளவுக்கு இருப்பார்?

"தேர்வுக்கு முறைதானே முக்கியம், அட்டவணை எதுவானால் என்ன?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சூத்திரம் எந்த நாட்டு எண்ணுக்கும் பொருந்தும். ஆனால் மூணு வருஷம் ஒரே அட்டவணையைப் பின்பக்கத்தில் திறந்து எண்ணை எடுத்துப் போடும்போது முறையோடு சேர்ந்து ஒரு பழக்கமும் படிகிறது: அந்த எண் யாரிடமிருந்து வந்தது என்று கேட்காத பழக்கம்.

எண்ணுக்குப் பின்னால் இருக்கும் முடிவு

இந்தத் துறை பிறந்ததே அந்தக் கேள்வியைக் கேட்டுத்தான். எட்மண்ட் ஹாலி 1693-இல் பிரெஸ்லாவ் நகரத்தின் பிறப்பு இறப்புப் பதிவுகளை வைத்து அட்டவணை போட்டார். வால்நட்சத்திரத்துக்குப் பேர் கொடுத்த அதே ஹாலிதான். அப்போது இங்கிலாந்து அரசு ஆயுள் முழுக்கப் பணம் தரும் ஆண்டுத்தொகைத் திட்டங்களை வயது பார்க்காமல் ஒரே விலைக்கு விற்றுக்கொண்டிருந்தது. பத்து வயதுப் பையனுக்கும் அறுபது வயதுக்காரருக்கும் ஒரே விலை எப்படிச் சரியாகும் என்பது ஹாலியின் கணக்கு எழுப்பிய கேள்வி.

நம்ம ஊர்ப் பக்கம் வாங்க. 1818-இல் கல்கத்தாவில் ஓரியன்டல் லைஃப் இன்ஷூரன்ஸ் கம்பெனி தொடங்கியது. அந்தக் காலத்து ஆயுள் காப்பீடு முக்கியமாக ஐரோப்பியர்களுக்கானது. இந்திய உயிர் தரம் குறைந்தது என்று கருதி, இந்தியர்களிடம் கூடுதல் பிரீமியம் வாங்கினார்கள். 1870-இல் வந்த பம்பாய் மியூச்சுவல்தான் இந்தியர்களுக்கும் வழக்கமான விகிதத்திலேயே காப்பீடு கொடுத்தது. கூடுதல் பிரீமியம் போட்டவர்கள் கூட்டல் கழித்தலில் தப்பு செய்யவில்லை. 'இந்தியர்' என்று ஒரு கட்டம் போட்டு, பம்பாய் வக்கீலையும் பஞ்சத்தில் செத்த விவசாயியையும் அதே கட்டத்துக்குள் தள்ளினார்களே, அங்கேதான் முடிவு எடுக்கப்பட்டது. யாரை யாரோடு சேர்த்து எண்ணுவது என்பது கணிதம் சொல்லித் தருவதில்லை.

இது பழங்கதை இல்லை. பிரீமியத்தில் ஆண் பெண் வித்தியாசம் பார்க்கக் கூடாது என்று 2011 மார்ச்சில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. 2012 டிசம்பர் 21 முதல் அது நடைமுறைக்கு வந்தது. பெண்கள் அதிக நாள் வாழ்கிறார்கள் என்பதற்குத் தரவு இருக்கிறது. அதை விலையில் காட்டலாமா என்பது வேறு கேள்வி. அந்தத் தீர்ப்பு சரியா தப்பா என்று இரண்டு பக்கமும் வலுவாக வாதாடலாம். ஆக்சுவரி ஆகப்போகிற பிள்ளை அந்த வாதத்தை வகுப்பில் ஒரு தடவையாவது ஆடிப் பார்த்திருக்க வேண்டாமா?

எக்விட்டபிள் கற்பித்த பாடம்

என் வாதத்துக்கு நான் எப்போதும் காட்டும் சாட்சி பிரிட்டனின் எக்விட்டபிள் லைஃப். 1762-இல் தொடங்கிய சங்கம், வயதுக்கேற்ற பிரீமியத்தை முறையாகக் கணக்கிட்டதில் முன்னோடி. ஆக்சுவரிகளின் கோயில் என்றே சொல்லலாம். 1957-இலிருந்து 1988 வரை அது விற்ற ஓய்வூதியப் பாலிசிகளில் ஒரு உத்தரவாதம் இருந்தது: ஓய்வு பெறும்போது ஆண்டுத்தொகை இந்த விகிதத்துக்குக் குறையாது. வட்டி உயர்ந்திருந்த காலத்தில் அந்த வாக்குக்குச் செலவே இல்லாதது போலத் தெரிந்தது. 1990-களில் வட்டி இறங்கியது, ஜனங்களும் அதிக நாள் வாழ ஆரம்பித்தார்கள். வாக்கைக் காப்பாற்ற நிறையப் பணம் தேவைப்பட்டது. சங்கம் என்ன செய்தது என்றால், உத்தரவாதத்தைப் பயன்படுத்துபவர்களுக்கு இறுதி போனஸைக் குறைத்தது. 2000 ஜூலையில் பிரபுக்கள் சபை அது செல்லாது என்றது. சுமார் 150 கோடி பவுண்டு பொறுப்பு தலையில் விழுந்தது. அதே டிசம்பரில் புது வியாபாரம் நின்றது.

இதில் வகைக்கெழுத் தெரியாமல் யாரும் தோற்கவில்லை. 1990-களில் சில வருஷம் தலைமை நிர்வாகியும் பொறுப்பு ஆக்சுவரியும் ஒரே ஆளாக இருந்தார். கணக்குக் கேட்க வேண்டியவரும் பதில் சொல்ல வேண்டியவரும் ஒருவரே. பின்னர் பிரிட்டனில் ஆக்சுவரித் தொழிலை ஆராய்ந்து 2005-இல் வெளிவந்த மாரிஸ் அறிக்கை, தொழில் தனக்குள்ளேயே ஒடுங்கிக் கிடப்பதைச் சுட்டிக்காட்டி, வெளிமேற்பார்வை வேண்டும், கல்வியில் பல்கலைக்கழகங்களுக்குக் கூடுதல் பங்கு வேண்டும் என்றது. அந்த இரண்டாவது பரிந்துரையைக் கவனியுங்கள். பல்கலைக்கழகத்தைக் கூப்பிட்டது தொழில் தேர்வைப் பிரதி எடுக்க இல்லை. வெளிக்காற்று வரட்டும் என்றுதான்.

தீர்ப்புத்திறன், தொடர்பாடல், தொழில் நெறி இவையெல்லாம் தொழில் தேர்வில் இல்லாமல் இல்லை. நடைமுறைத் தாள்களில் வருகின்றன. ஆனால் இளங்கலை அந்தத் தாள்களுக்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது. பட்டத்தோடு நிறுத்திக்கொள்பவர்கள், அதாவது தாள்களை முடிக்காமல் அனலிஸ்ட் வேலைக்குப் போகிறவர்கள், கருவியை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

பட்டத்தின் பக்கம் நியாயம்

சொல்லாமல் விட்டால் ஒருதலைப்பட்சம். வீட்டில் யாரும் காப்பீடோ நிதியோ பார்க்காத பிள்ளைக்குத் தனியாக 13 தாள் எழுதுவது இருட்டில் நடப்பது மாதிரி. கூடப் படிக்கும் நாலு பேர், வழி தெரிந்த ஒரு ஆசிரியர், நேரத்துக்கு ஒரு அட்டவணை: இவற்றைப் பட்டம் தருகிறது. பிரிட்டனில் அங்கீகாரம் பெற்ற பட்டங்களில் போதிய மதிப்பெண் எடுத்தால் சில தாள்களிலிருந்து விலக்கு கிடைக்கும்; அங்கே படித்ததையே திரும்ப எழுதும் சுமை குறைகிறது. உயிர்பிழைப்புப் பகுப்பாய்வு என்ற பாடம் தன்னளவிலேயே அழகானது. மருத்துவ ஆய்விலும் இயந்திரப் பழுதுக் கணிப்பிலும் உதவும்.

அதனால் கேட்பவர்களுக்கு என் பதில் இது. கணக்கு பிடிக்கும், ஆனால் தொழில் பற்றி உறுதியில்லை என்றால் கணிதம் அல்லது புள்ளியியல் சேர்ந்து, ஏசிஇடி எழுதி, ஒன்றிரண்டு தாள்களை முயன்று பாருங்கள். ஆக்சுவரியல் பட்டமேதான் வேண்டும் என்றால், பணம் கட்டும் முன் கல்லூரியில் மூன்று கேள்வி கேளுங்கள். எந்தத் தாளுக்கு விலக்கு உண்டு, எழுத்தில் காட்டுவீர்களா? ஆர் மொழியையும் எக்செல்லையும் நிஜத் தரவு வைத்துச் சொல்லித் தருகிறீர்களா? இந்திய அட்டவணையை எந்த செமஸ்டரில் மாணவர்கள் பார்ப்பார்கள்? மூன்றாவது கேள்விக்குத் தயங்கினால் கொஞ்சம் யோசியுங்கள்.

ஏற்கெனவே சேர்ந்துவிட்டவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். இந்திய 2012-14 அட்டவணை இணையத்தில் கிடைக்கிறது. உங்கள் பாடப்புத்தகத்தில் ஏஎம்92 வைத்துப் போட்ட பத்துக் கணக்கை எடுத்து, இந்திய எண்ணில் திரும்பப் போடுங்கள். எந்த வயதில் வித்தியாசம் கூடுகிறது, எந்த வயதில் குறைகிறது, ஏன் என்று ஒரு பக்கம் எழுதுங்கள். அந்த ஒரு பக்கத்துக்கு மார்க் கிடைக்காது. ஆனால் முப்பது வருஷம் பிரீமியம் கட்டிவிட்டு ஒருத்தர் ஓய்வு பெறும் நாளில், அவருக்குக் கொடுத்த வாக்கு நிற்குமா என்று சொல்லிக் கையெழுத்துப் போடப் போகிறவர் நீங்கள். அவர் எந்த அட்டவணையில் இருந்தார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.